சொல்லடைவு போட்டுத் தருகிறேன் என்று 8,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. புத்தகமோ ஆய்வேடோ வேர்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மதுரைக் கண்மாய்களைப் பற்றி ஐந்து வருடம் அலைந்து எழுதிய புத்தகம். மாடக்குளம், வண்டியூர், நிலையூர் என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். கடைசியில் எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் சொல்லடைவு (இண்டெக்ஸ்) இல்லாவிட்டால் தேடிப் படிக்கிறவருக்குப் பயனே இல்லை. எனக்கு அது போடத் தெரியாது. ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங்கும் போட்டுத் தருகிற ஒரு டி.டி.பி. கடைக்குப் போனேன்.

கடைக்காரர் முதல் அத்தியாயத்தை என் கண் முன்னால் திறந்தார். ‘மாடக்குளம்’ என்ற சொல்லை செலக்ட் செய்து ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கி ‘மார்க்’ கொடுத்தார். சொல்லுக்குப் பக்கத்தில் நெளி அடைப்புக்குள் எக்ஸ்.இ. என்று ஒரு குறியீடு விழுந்தது. அதைப் பார்த்துத்தான் வேர்டு அந்தச் சொல்லையும் பக்க எண்ணையும் சொல்லடைவுக்கு எடுக்கும். இப்படி 14 சொல். அப்புறம் சொல்லடைவை வரவழைத்தார். முன்னால் ஒரு வெற்றுப் பக்கத்தைச் செருகி, சொல்லடைவில் கர்சரை வைத்து எஃப்9 தட்டினார். பக்க எண்கள் எல்லாம் தானாக ஒவ்வொன்று அதிகமாயின. “நீங்க எத்தனை தடவை பக்கத்தை மாத்தினாலும் இந்த ஒரு பட்டன் போதும் சார்” என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அட்வான்ஸ் மட்டும் கொடுத்திருக்கலாம். அங்கேயே நின்று 8,500 ரூபாயையும் போனில் அனுப்பினேன்.

பத்து நாளில் கோப்பு வந்தது, எண்களும் சரியாகவே இருந்தன. அச்சகத்தில் ஏ4 பக்கத்தை அதைவிடச் சின்னதான டெம்மி புத்தக அளவுக்கு மாற்றினார்கள். பக்கங்கள் எல்லாம் நகர்ந்தன. எஃப்9 தட்டினால் சொல்லடைவு அசையவே இல்லை. அச்சகத்துத் தம்பி மறைந்திருக்கும் குறிகளைக் காட்ட வைத்துப் பார்த்தார். முதல் அத்தியாயத்தைத் தாண்டி ஒரு குறியீடுகூட இல்லை. புதிதாகச் சொல்லடைவு செருகினார், வந்தது 14 சொல். அன்று எனக்குப் போட்டுக் காட்டிய அதே 14. மிச்சமெல்லாம் கையால் தட்டிய வெறும் எழுத்து!

கடைக்காரருக்குப் போன் செய்தேன். “உங்க வேர்டு பழைய வெர்ஷன் சார்.” மறுபடி செய்தேன். “அச்சகத்துக்காரங்க கெடுத்திருப்பாங்க.” நேரில் போனால், “பக்க அளவை மாத்தினது நீங்க. முடிச்ச வேலைக்குப் பணம் திருப்பித் தர்றதில்லை.” நான் நிற்கும்போதே ஓர் ஆய்வு மாணவிக்கு அதே முதல் அத்தியாய வித்தை நடந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். இப்போது வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. 8,500 ரூபாய் போனது போனதுதான்.

விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. கடைசி அத்தியாயத்தைத் திறந்து குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு பக்கம் செருகி எஃப்9 தட்டச் சொல்லுங்கள், எண் மாறினால்தான் பாக்கிப் பணம். எண்ணைச் சரிபார்க்கும்போது மறை குறிகளை மூடிவிடுங்கள், திறந்திருந்தால் அவையும் இடம் பிடித்துப் பக்கத்தைத் தள்ளும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் வாங்காதீர்கள், வேர்டு அதை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கும், ‘க’வுக்கு அப்புறம் ‘அ’ வரும். பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

அச்சகத்தில் திங்கள்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். மிச்ச எட்டு அத்தியாயத்துக்கும் நானே உட்கார்ந்து குறி போட்டாக வேண்டும்.