மார்கழி அந்தியில் கே.ஆர்.பி. டேம்

தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் கே.ஆர்.பி. டேமுக்கு, அதாவது கிருஷ்ணகிரி டேமுக்கு, பலரும் உச்சிவெயிலில் வந்து, மீனைத் தின்றுவிட்டு, "இதுக்கா வந்தோம்" என்று திரும்புகிறார்கள். இடத்தின் மேல் தப்பில்லை, நேரம்தான் தப்பு.

டிசம்பர் நடுவில் இங்கே பொழுது சாய்வது 5.55 வாக்கில். அதற்குப் பிறகு வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் நிற்கும். ஐந்து மணிக்கே உள்ளே இருந்தால் அணைப் பூங்காவை நிதானமாகச் சுற்றிவிட்டு, வானம் சிவக்கும்போது தண்ணீர் தெரிகிற பக்கம் போய் நிற்கலாம். மார்கழியில் சூரியன் நேர் மேற்கில் இறங்காது, தென்மேற்காகச் சரியும். போட்டோ எடுப்பவர்கள் அதைப் பார்த்து இடம் பிடிக்கவும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத வருடத்தில் நீர்மட்டம் முழு அளவான 52 அடியை ஒட்டி இருக்கும். சித்திரையில் இந்தக் காட்சியை எதிர்பார்க்காதீர்கள்.

தென்பெண்ணையில் வெள்ளம் என்று செய்தி வந்தால் கிளம்பவே வேண்டாம். அணைக்கு முன்னால் உள்ள தரைப்பாலம் மூழ்கிவிடும், பூங்காவையும் அடைத்துவிடுவார்கள். 2017 நவம்பரில் முதல் மதகின் ஷட்டரே உடைந்த அணை இது. பிறகு புது ஷட்டர் போட்டார்கள். இன்னொரு குறை, ஆறு பெங்களூரு பக்கத்துக் கழிவையும் சுமந்துகொண்டு வருவது. சில நாள் வாடை அடிக்கும், குளிக்க இறங்காதீர்கள்.

மீன் விஷயத்துக்கு வருவோம். இருட்டிய பிறகு சாப்பிடுவதே சரி. முதலில் உட்கார்ந்தால் அந்தி போய்விடும். கட்லா, ரோகு, ஜிலேபி மூன்றும் பார்க்கலாம். ஜிலேபி சின்னதாக இருந்தால் முழுசாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள், உள்வரை வேகும். கட்லா துண்டு விரல் தடிமனுக்கு மேல் போனால் நிதானமான தீ வேண்டும். எண்ணெய் புகையும்போது போட்டால் மசாலா கருகும், முள்ளை ஒட்டிய சதை பச்சையாகவே நிற்கும். சட்டி எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை. எடை போடும்போதே விலை பேசுங்கள், செதிலும் குடலும் எடுத்தபின் கிலோ கிலோவாக இருக்காது. கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில் முன்கூட்டியே பொரித்து வைத்ததைச் சூடுகாட்டித் தர வாய்ப்புண்டு. கண்ணெதிரே போடச் சொல்லுங்கள்.

நடக்கும்வரை குளிர் தெரியாது, உட்கார்ந்தால்தான் தண்ணீர்க் காற்று உறைக்கும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், புல்லில் உட்காருவதாக இருந்தால் கொசுவுக்குக் களிம்பு. பஸ்ஸில் வருபவர்கள் இறங்கும்போதே கடைசி வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். கிருஷ்ணகிரி ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆனால் இருட்டில் ஆட்டோக்காரர் சொல்வதுதான் ரேட்டு.