ஸ்டீல் கதவு வாங்கப் போகிறீர்களா? "ரைட்டா, லெஃப்டா" என்ற கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள்

வாசலுக்கு நிலையோடு சேர்ந்த ரெடிமேட் ஸ்டீல் கதவு வாங்குகிறவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள். கடையில் "ரைட்டா, லெஃப்டா சார்?" என்று கேட்பார்கள். கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்பதாக நினைத்து நாம் "ரைட்" என்போம். அவர்களோ கீல் வலப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு பில்லில் 'ஆர்.எச்.' (ரைட் ஹேண்ட், அதாவது வலது கை) என்று எழுதிவிடுவார்கள். கதவு வந்து இறங்கி, திறந்து பார்த்தால் சுவிட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நிற்கும். கேட்டால், "நீங்கதானே ரைட்னு சொன்னீங்க, ஆர்டர் சரக்குக்கு ரிட்டர்ன் கிடையாது" என்ற பதில்தான் வரும்.

'ரைட்' என்பதற்கு உலகம் முழுக்க ஒரே பொருள் இல்லை என்பது கதவு விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் தர நிர்ணய விதியான டி.ஐ.என். 107-இன்படி, கதவு நம்மை நோக்கித் திறக்கும் பக்கம், அதாவது கீலின் உருளை கண்ணுக்குத் தெரியும் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து கீல் இடப்புறம் இருந்தால் அது இடது கதவு. அமெரிக்க வழக்கத்தில் வாசலுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். கீல் எந்தப் பக்கமோ அந்தக் கை. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் 'ரிவர்ஸ்' என்று கூடச் சேர்ப்பார்கள். நம் வீடுகளில் வாசல் கதவு பெரும்பாலும் உள்ளே திறக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது அதன் கீல் வலப்புறம் இருந்தால், அமெரிக்கக் கணக்கில் அது வலது, ஜெர்மன் கணக்கில் இடது. ஒரே கதவு! இறக்குமதிக் கதவின் கேட்டலாக் எந்தக் கணக்கில் அச்சடிக்கப்பட்டது என்று பார்க்காமல் ஆர்டர் எடுப்பது கடையின் பிழை. அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

தவறாக வந்த பிறகு இரண்டு சமாதானம் சொல்வார்கள். இரண்டையும் ஏற்காதீர்கள்.

முதலாவது, "தலைகீழாத் திருப்பி மாட்டிடலாம்." ஏழடிக் கதவில் ஐந்தடி உயரத்தில் இருக்கும் பார்வைத் துளை, தலைகீழானால் இரண்டடிக்கு இறங்கிவிடும். நிலையின் அடியில் இருக்கும் வாசற்படித் தகடு மேலே போய்விடும். கதவைத் தூக்கிக் கழற்றும் வகைக் கீல் என்றால் ஊசி கீழ்நோக்கி நிற்கும், கதவு அதில் உட்காரவே உட்காராது.

இரண்டாவதுதான் ஆபத்தானது: "உள்பக்கத்தை வெளியே வச்சுப் பொருத்திடலாம்." இப்படிச் செய்தால் கீல் மறுபக்கம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் கதவு வெளியே திறக்கும், கீல் உருளைகள் தெருப்பக்கம் வரும். கழற்றக்கூடிய ஊசி என்றால், பூட்டியிருக்கும்போதே வெளியிலிருந்து ஊசியைத் தட்டி எடுக்கலாம். சாவி இல்லாமல் உள்ளே திருகும் குமிழும் வெளிப்பக்கம் வந்துவிடும். அப்புறம் அது பூட்டே இல்லை.

பூட்டு விஷயத்தில் வேறொரு ஏமாற்று உண்டு. கதவைத் திருப்பியதும் "லாக் மாத்தணும், இது லெஃப்ட் லாக்" என்று புதுப் பூட்டுக்குப் பணம் கேட்பார்கள். கதவுக்குள் பதிக்கும் பூட்டுகளில் பலவற்றில் சரிவான நாக்கை வெளியே இழுத்து, அல்லது பக்க மூடியின் திருகுகளைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் போதும். சரிவுப் பக்கம் கதவு மூடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. சாவியால் நீளும் சதுர நாக்குக்கு வலது இடது கிடையாது. வளைந்த கைப்பிடியிலும் பெரும்பாலும் சிறு திருகைத் தளர்த்தி இரு பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். பூட்டோடு வந்த தாளைப் பார்க்காமல் புதிதாக வாங்காதீர்கள்.

மரக் கதவில் கீல் பக்கத்தை மாற்ற முடியும், ஆனால் சும்மா வராது. மூன்று கீல் என்றால் கதவிலும் நிலையிலுமாக ஆறு பள்ளம் அடைத்து, ஆறு புதிதாக வெட்ட வேண்டும். புட்டி மட்டும் அப்பினால் திருகு பிடிக்காது. அதே வகை மரத்தில் துண்டு வெட்டி, பசை போட்டு அடைக்க வேண்டும். உள்ளே திறப்பதை வெளியே திறக்கும்படி மாற்றுவது இன்னும் பெரிய வேலை, ஏனென்றால் நிலையில் கதவு வந்து உட்காரும் படிவெட்டு எதிர்ப் பக்கம் இருக்கும். உள்ளே வெற்றிடமுள்ள மோல்டட் கதவுகளில் பூட்டுக்கான கட்டை சிலவற்றில் ஒரு விளிம்பில் மட்டுமே இருக்கும். மறு விளிம்பில் பூட்டு வெட்டினால் கொஞ்ச நாளில் ஆடிவிடும்.

ஆர்டர் கொடுக்கும்போது வலது, இடது என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். பில்லின் மேலேயே மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு படம் வரையுங்கள்: சுவருக்கு இரண்டு கோடு, கதவுக்கு ஒரு கோடு, அது திறக்கும் வழிக்குக் கால்வட்டம். எது வீட்டின் உள்பக்கம் என்று குறியுங்கள். கீழே முழு வாக்கியமாக, "வெளியே நின்று பார்க்கும்போது கீல் வலப்புறம், கதவு உள்ளே திறக்கும்" என்று எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் போர்டு, மாடிப்படி, ஷூ அலமாரி எந்தப் பக்கம் என்பதையும் அந்தப் படத்திலேயே காட்டினால் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

கதவு வந்ததும் நிலையைச் சுவரில் பதிக்க விடாதீர்கள். முதலில் வாசல் இடைவெளியில் சும்மா நிறுத்தி, ஆள் பிடித்துக்கொள்ள, ஒருமுறை கவனமாகத் திறந்து பாருங்கள். சிமென்ட் பூசியபின் கழற்றினால் நிலை நெளியும், பழி உங்கள் மேல் வரும். மீதிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுப்பதாக ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதற்கு மாறாகக் கதவு வந்து, கடை மாற்ற மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். படம் வரைந்து கையெழுத்தான பில், கதவு வந்து நின்ற நிலையில் எடுத்த போட்டோ, கடைக்கு அனுப்பிய செய்தி மூன்றையும் இணையுங்கள்.