தூரத்துக்கு நம்பலாம், நேரத்துக்கு வேண்டாம்

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் விமான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்லும் செயலி இது. நான்கு மாதமாக என் போனில் இருக்கிறது. அம்மாவை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துப்போய்த் திரும்ப வேண்டியிருந்ததால் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. வானத்தில் எத்தனை மணி நேரம் இருப்போம் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

தூரத்தில் குறையே சொல்ல முடியாது. ஏறத்தாழ 13,600 கி.மீ. என்று காட்டியது. வீட்டில் 30 செ.மீ. குறுக்களவில் ஓர் உலக உருண்டை இருக்கிறது. அதில் 1 செ.மீ. என்றால் சுமார் 425 கி.மீ. இரண்டு ஊருக்கும் நடுவே தையல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தேன், 32 செ.மீ. வந்தது. பெருக்கினால் அதே 13,600. செயலி வரைபடத்தில் போடும் கோடு வட பசிபிக் பக்கம் வில்லாக வளைந்து போகும். "நேரா போகாம எதுக்குடா இப்படிச் சுத்துது?" என்று அம்மா கேட்டார். உருண்டையையும் நூலையும் அவர் கையிலேயே கொடுத்தேன். நூலை விரலால் தெற்கே தள்ளிப் பார்த்தார், நீளம் போதவில்லை. அப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

நேரத்தில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். போக 15 மணி 36 நிமிடம், வரவும் அதே 15 மணி 36 நிமிடம். தூரத்தை 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் இதுதான் வருகிறது. காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன். காற்று கணக்கிலேயே இல்லை. அந்தப் பாதையில் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே காற்று அடித்துக்கொண்டு ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். சிங்கப்பூர் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளும் காற்று. எங்கள் டிக்கெட்டில் போக 17 மணிக்கு மேல், வர 15 மணியை ஒட்டி என்று இருந்தது. செயலியை நம்பி எழுதிய மாத்திரைச் சீட்டு முழுவதையும் அடித்துத் திருத்தினேன். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

போய்ச் சேரும் உள்ளூர் நேரத்தையும் தேதியையும் காட்டுவது நல்ல வசதி. குளிர்காலத்தில் சிங்கப்பூர் 16 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே காலை 9 மணிக்குக் கிளம்பி 15 மணி நேரம் பறந்தால், அதே தேதி காலை 8 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவோம். அதனால்தான் "வாட்சை மட்டும் மாத்திடாதீங்கம்மா" என்று சொல்லிவைத்தேன். மாத்திரையெல்லாம் அந்த வாட்சைப் பார்த்துத்தான்.

தூரத்துக்கு 5 நட்சத்திரம், நேரத்துக்கு 2. போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று பிரித்துக் காட்டுங்கள். அடுத்த பயணத்தின் மாத்திரைச் சீட்டை இதை வைத்தே எழுதுகிறேன்.