பாதையில் கடந்த பிள்ளைக்காலம்: வரைவதா, வெட்டுவதா, மணலா, பிளெண்டரா?

சின்ன வயதை வைத்து ஒரு அனிமேஷன் குறும்படம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த சொஃப்ட்வெயர் நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஞாபகத்தில் அசைவது எது? முகமா, தண்ணீரா, வெளிச்சமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் எந்த முறை என்பதும் பாதி முடிவாகிவிடும்.

நான் செய்ய நினைக்கும் படத்தையே உதாரணமாக வைக்கிறேன். ஆவணி மாதம், மட்டக்களப்பு மண்டூர் முருகன் கோயில் திருவிழா. குருமண்வெளித் துறையிலிருந்து அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாதையில், அதாவது துறைக்குத் துறை ஓடும் மிதவையில், வாவியைக் கடக்கிறான் ஒரு பிள்ளை. ஆட்களையும் சைக்கிள்களையும் சுமந்துகொண்டு மிதந்து போகும் அந்தத் தட்டில், அவன் உயரத்துக்கு யாருடைய முகமும் தெரியாது. சாரன் கரை, சைக்கிள் செயின், பூக்கூடையின் அடி, ஓரத்தில் அலம்பும் தண்ணீர், மேலேயிருந்து ஒரு குரல்: "ஓரத்துல நிக்காத மனே, இஞ்சால வா." போகும்போது நல்ல வெயில், திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. மொத்தம் மூன்று நிமிடம்.

முதலில், ஒவ்வொரு அசைவையும் கையால் வரைவது. சினிமாவுக்கு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வேண்டும். ஒரே படத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்தால் 12 போதும், அப்படியும் மூன்று நிமிடத்துக்கு 2,160 படங்கள். ஒரு மாலைக்கு 20 வரைந்தாலும் 108 மாலைகள் போய்விடும். வரைவதற்கான சொஃப்ட்வெயர்களான கிரிட்டா, ஓபன்டூன்ஸ் இரண்டும் இலவசம், ஆகவே செலவெல்லாம் நேரம்தான். இந்த முறையின் பலம் முகத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளை அழப்போகும் முன் உதடு கோணுவதை வரைகோட்டைப் போல வேறு எதுவும் காட்டாது. என் கதையில் முகமே இல்லை. இல்லாத ஒன்றுக்காக 108 மாலைகளைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

காகிதத்தை வெட்டிச் செய்வதில்தான் எனக்கு ஆசை அதிகம். உடம்பு, கை, கால் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி, மூட்டில் நூல் முடிச்சுப் போட்டு, மேசையில் கிடத்தி, மேலே போனைக் கட்டிவைத்து, கொஞ்சம் அசைத்து ஒரு படம், பிறகும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1926-லேயே வெட்டுருவ நிழல்களை வைத்து முழுநீளப் படம் முடித்துவிட்டார். நமக்கு ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ என்ற ஆப் போதும். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் என்பதால் எவ்வளவு அசைத்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும். சாரனும் சில்லும் கூடையும் நிறைந்த கதைக்கு நொடிக்கு 8 படங்களே அழகாக இருக்கும். அப்படியென்றால் 1,440.

இதில் மற்ற மூன்றுக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு: உண்மையான பொருளையே படத்துக்குள் கொண்டுவரலாம். மருதமுனை நெசவுச் சாரனில் ஒரு துண்டை வெட்டிக் காகிதக் காலில் ஒட்டினால், அந்தக் கட்டமும் இழையும் திரையில் அப்படியே நிற்கும். வரைந்தால் அது சாரனின் படம். ஒட்டினால் சாரனே அங்கே இருக்கிறது. பிள்ளைக்காலத்தைப் படமாக்குவதில் இது சின்ன விஷயமில்லை.

தொல்லைகளும் உண்டு. மின்விசிறியை நிறுத்தித்தான் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் அம்மம்மாவின் கை பறந்துவிடும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் குனிந்து இருந்தால் வியர்வை நேரே காகிதத்தில் விழும். மாரியில் ஈரக்காற்றுக்குக் காகிதம் சுருளும், தடித்த மட்டையில் ஒட்டி வெட்டினால் சமாளிக்கலாம். யன்னலைத் துணி போட்டு மூட வேண்டும், ஏனென்றால் ஒரு மேகம் கடந்தாலே படம் மினுங்கும். போனில் ஒளி, ஃபோக்கஸ், நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை மூன்றும் தானாக மாறாதபடி பூட்டிவிட வேண்டும். கரண்ட் போனால் சார்ஜ் விளக்கில் தொடராதீர்கள். பற்றரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கலாம், அது படத்தில் தெரியும்.

அடுத்தது மணல். கண்ணாடிக்குக் கீழே விளக்கு, மேலே மணல், விரலால் தள்ளித் தள்ளி உருவம். மணல் குறைந்த இடம் வெளிச்சம், கூடிய இடம் இருட்டு. கல்லடிக் கடற்கரையில் ஒரு கைப்பிடி எடுத்து, உப்புப் போகக் கழுவி, காயவைத்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்தால் சிப்பித் துண்டுகள் போய் நல்ல மணல் வரும். தண்ணீரைக் காட்ட இதை மிஞ்சிய முறை எனக்குத் தெரியவில்லை. ஒரு அலை இன்னொன்றாக மாறுவதற்கு மணலை நகர்த்தினாலே போதும். ஆனால் ஒரு படம் எடுத்ததும் அந்த உருவம் அழிந்துதான் அடுத்தது பிறக்கும். நடுவில் பிழை வந்தால் பின்னால் போக வழியில்லை, அந்தக் காட்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிறமும் கிடையாது. சாரன் கட்டத்தை மணலில் எதிர்பார்க்க முடியாது.

கணினியில் முப்பரிமாண அனிமேஷன் செய்யும் சொஃப்ட்வெயரான பிளெண்டரைப் பற்றிச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள், அது சரியில்லை. அதை வைத்து லாத்வியா நாட்டு இயக்குநர் ஒருவர் செய்த 'ஃப்ளோ' என்ற முழுநீளப் படம் 2025-இல் ஒஸ்கார் வாங்கியது. பாதையை ஒருமுறை உருவாக்கிவிட்டால் எந்தப் பக்கமிருந்தும் காட்டலாம், அதிலுள்ள கிரீஸ் பென்சில் என்ற வரைகருவியால் அதற்குள்ளேயே கையாலும் வரையலாம். கணக்கு மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும்: மூன்று நிமிடத்துக்கு 4,320 சட்டங்கள், ஒன்று உருவாக ஒரு நிமிடம் என்றால் கணினி 72 மணிநேரம் ஓட வேண்டும். வீடியோவாக அல்லாமல் தனித்தனிப் படங்களாகச் சேமித்தால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் கதைக்கு இது வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. சாரனின் பழைய மடிப்பு, கூடையின் பிய்ந்த நார் என்று ஒவ்வொன்றையும் நானே யோசித்துச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எல்லாம் வழுவழுப்பாக, எந்த ஊருடையதும் இல்லாமல் நிற்கும்.

ஆனால் அக்கரைப்பற்றுப் பக்கத்து நண்பர் ஒருவரின் கதைக்கு நான் பிளெண்டரைத்தான் சொன்னேன். அவருடைய ஞாபகம் களவெட்டியில் இரவுச் சூடடிப்பு. உழவு இயந்திரம் கதிர்மேல் சுற்றிச் சுற்றி வர, அதன் முன்விளக்கு வைக்கோல் கும்பத்தையும், நிற்கிறவர்களையும், தூரத்து மரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். அங்கே அசைவது வெளிச்சம். ஒரு விளக்கை வட்டத்தில் ஓடவிட்டால் நிழல்கள் எல்லாம் தாமாகவே திரும்பும். அதைக் கையால் வரைய ஒருவருக்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

என் படத்துக்கு இரண்டு முறைகளை எடுத்துக்கொள்கிறேன். போகும் பயணம் வெயிலில், மேலிருந்து விளக்குப் போட்டு, துணி ஒட்டிய வெட்டுருவங்களோடு. திரும்பும் பயணம் மணலில். முறைகளைக் கலந்தால் படம் ஒட்டாது என்று சொல்வார்கள். ஆனால் கீழிருந்து வெளிச்சம் வரும்போது தடித்த மட்டையில் ஒட்டிய காகிதம் கறுப்பாகத்தான் தெரியும். ஆகவே அதே கால்களையும் சில்லுகளையும் கண்ணாடியில் வைத்து, சுற்றிலும் மணலை வாவியாக்கினால், பொழுது சாய்ந்ததும் ஆட்கள் நிழலாகிவிட்டார்கள் என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். உருவங்களை இரண்டாம் முறை வெட்டவும் தேவையில்லை.

எந்த முறையை எடுத்தாலும் ஒலியை முதலில் பதிவு செய்யுங்கள். பாதை இன்னும் ஓடுகிறது. இயந்திரச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் கையில் இருந்தால், ஒரு சைக்கிள் சில்லு எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதை அந்தச் சத்தத்துக்கே அளந்து முடிவு செய்யலாம்.