"செட்" என்பதா, "ஃபிளாப்ஸ் 5" என்பதா?

விமானத்தின் காக்பிட்டில் ஒரு பைலட் செக்லிஸ்ட்டைப் படித்து "ஃபிளாப்ஸ்?" என்று கேட்கிறார்; ஏறும்போதும் இறங்கும்போதும் கூடுதல் தூக்குவிசைக்காக இறக்கையிலிருந்து கீழிறக்கும் மடிப்புகள் அவை. அடுத்தவர் "செட்" (வைத்தாயிற்று) என்று முடிக்கலாம், இல்லை "5" என்று இருக்கும் நிலையையே சொல்லலாம். என் ஓட்டு எண்ணுக்குத்தான்.

"செட்", "செக்ட்" (பார்த்தாயிற்று) இரண்டும் வேகமானவை, அதைத் தாண்டி அவற்றில் லாபம் ஒன்றும் இல்லை. 5-இல் இருக்க வேண்டியது 1-இல் இருந்தாலும் அதே "செட்"தான் வரும், கேட்பவருக்குச் சந்தேகப்பட எதுவுமே கிடைக்காது. உயரம் காட்டும் ஆல்டிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில் வைக்க வேண்டும்: ஒருவர் 1009 வைத்திருக்க, மற்றவர் 999 வைத்துவிட்டால் உயரத்தில் கிட்டத்தட்ட 280 அடி வித்தியாசம். இருவரும் எண்ணைச் சொன்னால் அங்கேயே பிடிபடும், "செட்", "செட்" என்றால் பிடிபடாது. செக்லிஸ்ட் பற்றி நாசாவுக்காக 1990-இல் டெகானியும் வீனரும் எழுதிய அறிக்கையும் உண்மையான நிலையையோ அளவையோ பதிலாகச் சொல்லத்தான் பரிந்துரைத்தது.

ஆனால் எண்ணும் வாய்ப்பாடாகிவிடும், இதை மறைக்கக் கூடாது. 1988-இல் டல்லாஸில் விழுந்த டெல்டா 1141 விமானத்தில் "ஃபிளாப்ஸ்" என்றதும் "ஃபிஃப்டீன், ஃபிஃப்டீன், கிரீன் லைட்" என்று பதில் வந்தது, ஃபிளாப்ஸ் இறங்கவே இல்லை. 14 பேர் இறந்தார்கள். 2008-இல் மாட்ரிட்டில் ஸ்பான்ஏர் 5022-இலும் கோ-பைலட் "11" என்று சொன்னார், அங்கேயும் இறங்கியிருக்கவில்லை, 154 உயிர்கள். அதனால் முதலில் கண் கருவிக்குப் போக வேண்டும், வாய் அதற்கு அப்புறம்தான்.

"தேவைப்படி" என்ற பதில்தான் மூன்றிலும் மோசம். ஆன்டி-ஐஸ், அதாவது பனி உறையாமல் தடுக்கும் அமைப்பு, ஓடுகிறதா இல்லையா என்பதையே அது சொல்லாது. "ஆன்", "ஆஃப்" என்று தெளிவாகச் சொன்னால் அடுத்தவர் தடுக்க வழி உண்டு, ஆனால் அவர் தடுத்தாக வேண்டும். 1982 ஜனவரியில் வாஷிங்டனில் பனி கொட்டும்போது ஏர் ஃபுளோரிடா 90-இன் கேப்டன் "ஆஃப்" என்று வாய்விட்டே சொன்னார், யாரும் மறுக்கவில்லை, 78 பேர் போனார்கள்.

எனக்குப் பிடித்த பதில் லேண்டிங் கியருக்கானது, அதாவது இறங்கும் சக்கரங்களுக்கானது: "டவுன், த்ரீ கிரீன்". லீவர் கீழே இருக்கிறது, மூன்று பச்சை விளக்கும் எரிகிறது என்று நிலையும் சாட்சியும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ஒரு விளக்கு எரியவில்லையா, இருப்பதை அப்படியே "டூ கிரீன்" என்று சொல்லுங்கள்; படிப்பவரும் அடுத்த வரிக்குத் தாவாமல் அங்கேயே நிற்கட்டும்.