பி.காம் சி.ஏ, பி.சி.ஏ, பி.பி.ஏ: எது எடுக்கலாம்? ஒரே கடை கணக்க மூணு பேரும் பாத்தப்ப புரிஞ்சது

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணா. "அக்கா, பி.காம் சி.ஏ போடட்டுமா பி.சி.ஏ போடட்டுமா, ரெண்டுலயும் கம்ப்யூட்டர் இருக்குல்ல, அப்ப என்ன வித்தியாசம்"னு கேட்டா. அர மணி நேரம் பேசியும் முழுசா சொல்ல முடியல, அதான் எழுதறேன். நான் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வர்ற ஒரு காலேஜ்ல பி.காம் சி.ஏ முடிச்சவ, ஹாஸ்டல்ல மூணு வருஷமும் என் ரூம்மேட் பி.சி.ஏ, எங்க பெரியம்மா பையன் பி.பி.ஏ. மூணு பேரும் ஒவ்வொரு சமயத்துல எங்க மாமாவோட ஈரோடு ஜவுளி மொத்தக்கடை கணக்குல கை வெச்சிருக்கோம். இந்த கோர்ஸுங்களுக்குள்ள இருக்கற வித்தியாசம் எனக்கு அங்கதான் புரிஞ்சது, பிராஸ்பெக்டஸ்ல இல்ல.

மொதல்ல பேர் குழப்பம். பி.காம் சி.ஏ-ல வர்ற சி.ஏ கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், ஆடிட்டர் சி.ஏ இல்ல. எங்க சொந்தத்துல இன்னும் பாதி பேரு நான் ஆடிட்டர் ஆகிட்டேன்னு நெனச்சிட்டிருக்காங்க. சென்னை பல்கலைக்கழகம் பக்கம் இதே மாதிரி கலவைக்கு பி.காம் ஐ.எஸ்.எம்னு ஒண்ணு இருக்கு, இன்ஃபர்மேஷன் சிஸ்டம் மேனேஜ்மென்ட். பேரு வேற வேற, உள்ள பாத்தா பெரும்பங்கு காமர்ஸ்தான், ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், கார்ப்பரேட் அக்கவுண்டிங், காஸ்ட் அக்கவுண்டிங், இன்கம் டாக்ஸ், பிசினஸ் லா, ஆடிட்டிங், இதுக்கு நடுவுல செமஸ்டருக்கு ஒண்ணு ரெண்டுன்னு சி, ஜாவா புரோகிராமிங், டி.பி.எம்.எஸ் (டேட்டாபேஸ் பாடம்), வெப் டிசைன், டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர் லேப். "காமர்ஸும் ஆச்சு ஐ.டி-யும் ஆச்சு, ரெண்டு பக்கமும் போலாம்"னு அட்மிஷன் டைம்ல சொல்லுவாங்க. இத மட்டும் நம்பி சேராதீங்க. புரோகிராமிங் ஒரு செம் படிச்சு கை பழகறதுக்குள்ள அடுத்த செம்ல வேற லாங்குவேஜ் வந்துரும். சி-ல பாயின்டர் பாதி புரிஞ்ச நெலமையில நான் ஜாவாவுக்கு போனேன், அந்த பாதி இன்னும் பாதியாவே இருக்கு.

ஆனா அக்கவுண்ட்ஸ் அப்படி இல்ல, அது எலும்பு வரைக்கும் எறங்குது. நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வுன்னு படிச்சிட்டு வந்தவ. எங்க வீட்ல வரவுன்னா காசு வர்றது. புத்தகத்துலயோ காசு வந்தா ரொக்கக் கணக்க பற்று வெக்கணும், அதாவது டெபிட். பதினொண்ணாவதுல இது ரொம்ப நாள் தல சுத்த வெச்சது. ஒரே பணம் ரெண்டு எடத்துல எழுதப்படுது, வந்த எடம் ஒண்ணு குடுத்த எடம் ஒண்ணு, ரெண்டும் எப்பவும் சமமா நிக்கணும்னு ஒரு நாள் பளிச்சுன்னு புரிஞ்சதுக்கு அப்புறம், உலகத்துல எந்த கணக்க காட்டினாலும் பயமில்லன்னு ஆயிடுச்சு. 1494-ல லூக்கா பச்சோலின்னு ஒரு இத்தாலி சாமியார் புத்தகமா எழுதி அச்சுல போட்ட முறை இது, இன்னிக்கு டேலிக்குள்ள ஓடறதும் அதேதான்.

பி.சி.ஏ-ல அந்த ஆழம் வேற பக்கம் இருக்கு. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், டி.பி.எம்.எஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், கூடவே மேத்ஸ். ரூம்மேட் ராத்திரி பன்னெண்டு மணிக்கு லிங்க்டு லிஸ்ட்ட, அதாவது ஒரு தகவல்ல இருந்து அடுத்ததுக்கு வழி காட்டற சங்கிலிய, கட்டம் கட்டமா பேப்பர்ல வரஞ்சு அம்புக்குறி போட்டு, ஒரு அம்பு தப்பா போய் மொத்த லிஸ்டும் தொலஞ்சு, திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கறத பக்கத்து கட்டில்ல இருந்து பாத்திருக்கேன். ஒரு எரர் முன்னாடி நாலு மணி நேரம் உக்கார பொறுமை இருந்தா பி.சி.ஏ பிடிக்கும், அந்த நேரத்துல அழுக வந்தா அது சரியா வராது. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஒவ்வொருத்தர் மனசு ஒரு மாதிரி.

இப்ப கடை விஷயம். ரெண்டாவது வருஷ லீவுல மாமா, "கண்ணு, வெளியூர் பார்ட்டி பாக்கி எவ்வளவு நிக்குதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு சாமி"ன்னு கேட்டாரு. டேலில எடுத்தேன், டிரையல் பேலன்ஸ், அதான் டெபிட்டும் கிரெடிட்டும் சமமான்னு பாக்கற இருப்பாய்வு, கச்சிதமா பொருந்துச்சு, ஆனா மாமாவுக்கு மனசுல இருந்த தொகையும் நான் குடுத்ததும் ஒத்து வரல. ரெண்டு நாள் பில்லு பில்லா பாத்தேன். கடசில பாத்தா ஒரே பார்ட்டிக்கு மூணு லெட்ஜர், அதாவது மூணு தனிக் கணக்கு. ஒண்ணு இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி வெச்சு, ஒண்ணு புள்ளி இல்லாம, இன்னொண்ணு ஊர் பேரோட சேத்து. பில் ஒரு லெட்ஜர்ல ஏறியிருக்கு, அவங்க அனுப்பின பணம் இன்னொண்ணுல ஏறியிருக்கு, அதனால ஒண்ணுல பாக்கி நிக்குது, மத்ததுல நாம அவங்களுக்கு தரணும்னு நிக்குது. டெபிட்டும் கிரெடிட்டும் சமமாதான் இருக்கு, அதனால டிரையல் பேலன்ஸ் இத காட்டவே காட்டாது. "இருப்பாய்வு காட்டிக் கொடுக்காத பிழைகள்"னு பிளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ணேனே, அது நேர்ல வந்து நின்னுச்சு.

பிழை என்ன வகைன்னு எனக்கு டக்குனு தெரிஞ்சது. அது திரும்ப வராம எப்படி தடுக்கறதுன்னு தெரியல. ரூம்மேட்கிட்ட போன்ல சொன்னேன், அவ ஒரே வரில முடிச்சா: "பேர கீயா, அதாவது அடையாளமா வெச்சா அப்படித்தான் ஆகும், மாறாத நம்பர் ஒண்ணு வேணும்." ஜி.எஸ்.டி நம்பர் இருக்கே. 15 எழுத்து, மொத ரெண்டு மாநிலம், நம்மளுக்கு 33, அடுத்த பத்து பான் நம்பர். அத வெச்சு மூணு லெட்ஜரையும் ஒண்ணா சேத்தேன். ஆனா சின்ன யாவாரிங்க நெறைய பேருக்கு ஜி.எஸ்.டி நம்பரே கிடையாது, அவங்களுக்கு நாங்களே ஒரு கஸ்டமர் நம்பர் போட்டோம். டி.பி.எம்.எஸ் பேப்பர்ல பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் தனி அடையாளம்), நார்மலைசேஷன் (ஒரே தகவல் ரெண்டு எடத்துல வராம பிரிக்கறது)னு அஞ்சு மார்க் கேள்வியா படிச்சு எழுதிட்டு மறந்த விஷயம்தான். 1970-ல ஐ.பி.எம்-ல இருந்த எட்கர் காட், தகவல்கள டேபிள் டேபிளா அடுக்கற ரிலேஷனல் மாடல எழுதினாரு, வருஷம் எல்லாம் தப்பில்லாம எழுதி மார்க் வாங்கினேன். அது எங்க மாமா கடை பாக்கிக்கு மருந்துன்னு கிளாஸ்ல ஒரு நாள் கூட யாரும் சொல்லல. அக்கவுண்ட்ஸ் மேடம் ஒரு பீரியட், கம்ப்யூட்டர் சார் ஒரு பீரியட், ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கற எங்க தலைக்குள்ள தனித்தனி அறையா இருந்துச்சு. என் கோர்ஸ் மேல எனக்கு இருக்கற பெரிய வருத்தம் இதுதான்.

அடுத்த வருஷம் நெலம தலகீழா ஆச்சு. ரூம்மேட்டோட ஃபைனல் இயர் புராஜெக்ட், பி.எச்.பி மை-எஸ்.க்யூ.எல்-ல ஒரு ஜவுளிக் கடை பில்லிங் சிஸ்டம், மாமா கடைய மாதிரியா வெச்சுத்தான் பண்ணா. பாக்க அவ்வளவு அழகு, சர்ச் பண்ணா கண் சிமிட்டறதுக்குள்ள வருது. நான் ஒரு பில்ல கேன்சல் பண்ணிப் பாத்தேன். பில் காணோம். டேபிள்ல இருந்தே டிலீட் ஆயிடுச்சு, பில் நம்பர் 41-க்கு அப்புறம் 43 நிக்குது. "ஏன்டி, கேன்சல்னா அழிக்கறதுதான"ன்னு கேட்டா. கணக்குல எதையும் அழிக்கக் கூடாது, தப்புன்னா எதிர் என்ட்ரி போடணும், இல்ல கேன்சல்னு குறிச்சு அப்படியே வெக்கணும், விற்பனைக்கு போடற ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்ன்ல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் பில் போட்டீங்க, அதுல எத்தன கேன்சல்னு கேக்கற டேபிளே இருக்கு, கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1-ல இருந்து எடிட் லாக் (எப்ப எத மாத்தினாங்கன்னு பதியறது) இல்லாத அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் வெச்சுக்கவே கூடாதுன்னு ரூல், இதெல்லாம் சொல்லச் சொல்ல அவ நோட்ல எழுதிட்டே வந்தா.

இன்னொண்ணு, ஒரு பைசா. 333.30 ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம் வரின்னா 16.665, அதாவது ரவுண்ட் பண்ணா 16.67. ஆனா சி.ஜி.எஸ்.டி 2.5, எஸ்.ஜி.எஸ்.டி 2.5-ன்னு பிரிச்சா ஒவ்வொண்ணும் 8.3325, தனித்தனியா ரவுண்ட் பண்ணா 8.33, கூட்டினா 16.66. அவ புரோகிராம் மேல ஒரு தொக காட்டுச்சு, கீழ ஒரு தொக காட்டுச்சு. இது பக்னு அவளுக்கு கண்ணுல படவே இல்ல, ஒரு பைசாதானன்னு விட்டிருந்தா. எனக்கோ அந்த ஒரு பைசாவ பாத்த நிமிஷத்துல கை நிக்கல. மூணு வருஷம் பி.காம் படிச்சா வர்ற குணம் அது. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து எந்த எடத்துல ரவுண்ட் பண்ணணும்னு முடிவு பண்ணி, டேபிள்ல தொகை வர்ற கட்டம் எல்லாத்தையும் ஃப்ளோட்ல இருந்து (தோராயமா வெக்கற எண் வகை) டெசிமலுக்கு (பைசா பிசகாம வெக்கற வகை) மாத்தி, விடிய நாலு மணிக்கு ரெண்டு தொகையும் ஒண்ணா நின்னுச்சு.

பி.பி.ஏ பத்தி எனக்கு தெரிஞ்சது கம்மி, அண்ணன் படிச்சத பக்கத்துல இருந்து பாத்ததுதான். பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங், ஹெச்.ஆர், ஆர்கனைசேஷனல் பிஹேவியர், மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம். அக்கவுண்ட்ஸ் இருக்கு, ஆழம் பி.காம் அளவுக்கு வராது. "தியரி மட்டும்தான, கத எழுதினா பாஸ்"னு நாங்க சொல்லிட்டிருந்தோம், அது தப்புன்னு கடையிலயே பாத்தேன். லெட்ஜர் எல்லாம் சரி பண்ணதுக்கு அப்புறமும் பாக்கி கொறையல. அண்ணன் நாலஞ்சு பார்ட்டிங்ககிட்ட போன்ல பேசினான், கணக்கே கேக்கல, யாவாரம் எப்படிங்க, சரக்கு எந்த தேதில வேணும்னு பேச்சு குடுத்தான். கடைசில தெரிஞ்சது என்னன்னா எங்க பில்லு மாசக் கடசில போய் சேருது, அவங்க பணம் குடுக்கற தேதி மாச நடுவுல, அதனால ஒவ்வொரு பில்லும் ஒரு சுத்து தள்ளிப் போகுது. பில் அனுப்பற தேதிய மாத்தினோம், பாக்கி தானா எறங்குச்சு. எனக்கும் ரூம்மேட்டுக்கும் அந்த போன பண்ணணும்னு தோணவே இல்ல.

படிப்பு முடிஞ்சதும் போற வழியும் வேற வேற. டெவலப்பர் வேலதான் வேணும்னா பி.சி.ஏ எடுங்க, அப்புறம் எம்.சி.ஏ போனா இப்ப ரெண்டே வருஷம். பி.காம் காரங்களும் எம்.சி.ஏ போலாம், ஆனா பிளஸ் டூ-லயோ டிகிரிலயோ மேத்ஸ் கேக்கறாங்களான்னு முன்னாடியே பாத்துக்குங்க, இத தெரியாம மூணாவது வருஷம் வந்து முழிச்சவங்க எங்க கிளாஸ்லயே இருக்காங்க. ஆடிட்டர் சி.ஏ கனவு இருந்தா காமர்ஸ் டிகிரில 55 சதவீதம் எடுத்தா ஃபவுண்டேஷன்ங்கற மொத கட்டப் பரீட்சை எழுதாம நேரா ரெண்டாவது கட்டமான இன்டர் போலாம், மத்த டிகிரிக்கு 60. எம்.பி.ஏ-வுக்கு எந்த டிகிரியும் ஓ.கே, இங்க பல காலேஜுக்கு டான்செட்ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும். கவர்ன்மென்ட் வேலைக்கு எந்த டிகிரியும் போதும்னு கேக்கற போஸ்ட் நெறைய இருக்கு, ஆனா பி.காம்னு குறிப்பா கேக்கற எடத்துல உங்க டிகிரி சமம்னு அரசாணை இருக்கான்னு பாத்துக்குங்க. பி.காம் சி.ஏ-க்கு நல்லா பொருந்தற எடம்னு நான் நெனக்கறது ஈ.ஆர்.பி பக்கம், அதாவது ஒரு கம்பெனியோட மொத்த வேலையையும் ஒரே எடத்துல நடத்தற சாஃப்ட்வேர், எஸ்.ஏ.பி மாதிரி. கம்பெனில சரக்கு வாங்கறது, பில் பாஸ் பண்றது, பணம் குடுக்கறதுன்னு ஒரு என்ட்ரி எப்படி எடம் விட்டு எடம் நகருதுன்னு புரிஞ்சவங்களுக்கு அங்க வேல இருக்கு. நானும் இப்ப அதுக்குத்தான் படிச்சிட்டிருக்கேன்.

திரும்ப சேர சொன்னா நான் பி.காம் சி.ஏ-தான் எடுப்பேன். டி.பி.எம்.எஸ்ஸ என்.பி.டி.இ.எல்-ல (ஐ.ஐ.டி ஆசிரியர்கள் எடுக்கற ஆன்லைன் பாடம்) வீடியோ பாத்து என்னால தேத்திக்க முடிஞ்சது, காஸ்ட் அக்கவுண்டிங்க அப்படி தனியா தேத்தியிருப்பேன்னு நம்பிக்கை இல்ல. ரூம்மேட்ட கேட்டா டேலிய ரெண்டு மாசத்துல கத்துக்கலாம், டேட்டா ஸ்ட்ரக்சர யாராவது கட்டாயப்படுத்தி லேப்ல உக்கார வெக்கலன்னா தாண்ட முடியாதுன்னு சொல்றா. ரெண்டு பேரும் நிஜத்ததான் சொல்றோம். அதனால தங்கச்சிக்கு நான் சொன்னது, எது உன்னால தனியா கத்துக்கவே முடியாதோ அத காலேஜ்ல படி, மத்தத வெளிய படிச்சுக்கலாம்னு. அப்புறம் பேர பாத்து சேராத, சிலபஸ டவுன்லோட் பண்ணி அஞ்சாவது ஆறாவது செம்ல என்ன பேப்பர் இருக்குன்னு பாரு, வாரத்துக்கு எத்தன மணி நேரம் லேப்னு எண்ணு, ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு பேரு உக்காரணுமான்னு அங்க படிக்கற பிள்ளைங்ககிட்ட கேளு.

ரெண்டு சிலபஸையும் பிரிண்ட் எடுத்து வெச்சுட்டாளாம். ஞாயித்துக்கிழமை மாமா கடைக்கு வரச் சொல்லியிருக்கேன், ரூம்மேட்டும் வர்றா, கல்லாவுக்கு பின்னாடி பெஞ்சுல உக்காந்து ஒவ்வொரு பேப்பரா பாக்கப் போறோம்.