பெண் ஆயர்களுக்கு அங்கி தைக்கும் அரசரடி டெய்லர் அக்கா

மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி இருப்பதால், அந்தப் பக்கத்து டெய்லர்களுக்கு ஆயர்கள் (சபைப் போதகர்கள்) ஆராதனைக்குப் போடும் நீண்ட வெள்ளை அங்கியைத் தைப்பது புதிதல்ல. ஆனால் அவர்கள் கையில் இருப்பது ஆண்களின் அளவு. ஒரு பெண் போய் நின்றால் நீளத்தைக் குறைத்து, மார்புக்கு இடம் வேண்டுமே என்று சுற்றளவு முழுவதையும் கூட்டிவிடுவார்கள். தோள் தொங்கும், கழுத்து அகன்றுவிடும், இடுப்புக்குக் கீழே ஷாமியானா பந்தல்தான். எனக்குக் குருப்பட்டம் கொடுத்து ஆயராக்கிய அன்று நான் போட்டிருந்தது அப்படியொன்று. எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 1976-லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார்கள். 2013-ல் புஷ்பலலிதா அம்மா ஆந்திராவில் நந்தியால் பேராயரே (பிஷப்) ஆகிவிட்டார். டெய்லர் கடைக்கு மட்டும் சேதி இன்னும் போகவில்லை.

இப்போது நான் போகும் அக்கா, அடிப்படையில் பிளவுஸ் தைப்பவர். அதுதான் விஷயமே. கைக்குழியை எங்கே வெட்டுவது, டார்ட் எங்கே முடியவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. டேப்பை எடுப்பதற்கு முன்பே, “கோயில்ல என்னென்ன செய்வீங்கம்மா, செஞ்சு காட்டுங்க” என்றார். ஆசீர்வாதம் கூறுவதுபோல இரண்டு கையையும் தூக்கினேன். பழைய அங்கி மொத்தமாக மேலே ஏறி, சேலைக்கரை தெரிந்தது. புது அங்கியில் கக்கத்தில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார். கை மட்டும்தான் உயர்கிறது, அங்கி நின்ற இடத்தில் நிற்கிறது. கை வாயையும் சுருக்கிவிட்டார். திருவிருந்துப் பாத்திரத்தின்மேல் துணி உரசுமோ என்ற பயம் இல்லை. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கும்போது பிரஸ் பட்டனைப் பிரித்து முழங்கைவரை மடித்துக்கொள்ளலாம்.

சேலை கட்டிக்கொண்டு போய்த்தான் அளவு கொடுக்கவேண்டும் என்று கறாராகச் சொல்கிறார், அது நியாயம்தான். முந்தானை மடிப்பால் இடது தோள் சற்று உயர்ந்திருக்கும், கொசுவத்தால் வயிற்றுப்பக்கம் புடைக்கும். இரண்டையும் கணக்கில் வைத்தே வெட்டுகிறார். குருப்பட்டத்துக்கு முந்தைய படியான டீக்கன் பட்டம் வாங்கப்போகும் தங்கைகள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்: உங்கள் ஸ்டோலும் (அங்கிக்கு மேலே போடும் நீளத் துணிப்பட்டை) அதே இடது தோளில் தொடங்கி வலது இடுப்புக்குத்தான் போகும். அந்த மேட்டில் அது வழுக்காமலிருக்க, தோளில் ஒரு சின்னத் துணி வளையம் வைத்துத் தரச்சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பாக்கெட். ஆண்கள் மைக் பெட்டியைப் பேண்ட் பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள், சேலையில் எங்கே மாட்டுவது? பாவாடை நாடாவில் செருகிக்கொண்டு, பிரசங்கம் முடிவதற்குள் விழுந்துவிடக்கூடாதே என்று ஜெபித்தவர்கள் எத்தனை பேரோ! அக்கா வலது பக்கத் தையலில் பாக்கெட் வைத்து, வயர் உள்பக்கமாகவே காலர்வரை ஏறும்படி ஓட்டை விட்டிருக்கிறார்.

துணியை நாமே வாங்கிக் கொடுக்கவேண்டும். தனிப் பருத்தி, பைக்கில் ஏறி இறங்கினாலே கசங்கும். முழு பாலியஸ்டர், மே மாத மதுரையில் தாங்காது. இரண்டும் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை என்பதால் லைனிங் கட்டாயம்.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன தேதிக்குத் தரமாட்டார். கூலியும் மற்ற கடைகளைவிட அதிகம். வீடு சந்திப்புக்குப் போட்டுக்கொள்ள காலர் வைத்த குர்தா ஒன்று கேட்டேன், அதைச் சொதப்பிவிட்டார். ஆயர் என்பதற்கு அடையாளமாகக் காலரில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையைச் செருகும் இடம் குட்டையாகப் போய், அடக்க ஆராதனை நடுவில் பட்டை துள்ளி வெளியே வந்துவிட்டது. அந்தச் சட்டைக்கு வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. அங்கிக்கு இவரை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது. நவம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் பிளவுஸ்கள் மலையாகக் குவிந்துவிடும், அதற்குமுன் துணியைக் கொடுத்துவிடுங்கள். ஆராதனைக்குப் போடும் செருப்போடு போங்கள், நீளம் அதை வைத்துத்தான் எடுப்பார்.